சலவைக்காரர் பொன்னுத்துரையின் பூஜ்யம்

அனுப்புநர்:
பொ. புஷ்பலதா, பி.எஸ்ஸி. (இயற்பியல்),
த/பெ. ஊ பொன்னுத்துரை,
நான்காம் மாடி, இடப்பக்க வீடு,
பசுந்தாங், யாங்கோன்.

பெறுநர்:
மறுஆய்வு அலுவலர் அவர்கள்,
அணுச்சோதனைப் பணியாளர் இழப்பீட்டு அலுவலகம்,
லண்டன்.

பொருள்: 1958ஆம் ஆண்டு பசிபிக் தீவில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளின்போது கடற்படைத் துணைக்கப்பலில் சலவைப் பணி செய்த என் தந்தைக்குக் கதிர்வீச்சுப் படவில்லை என்ற முடிவை மாற்றி, இழப்பீடு வழங்கக் கோருதல்.

பார்வை: தங்கள் அலுவலகத்தின் இரண்டாவது மறுப்புக் கடிதம், நாள் 11.3.2024.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தந்தை ஊ பொன்னுத்துரைக்கு (‘ஊ’ என்பது பர்மிய மரியாதைச் சொல்) எண்பத்தைந்து வயது. பதினெட்டு வயதில் ரங்கூனிலிருந்து சிங்கப்பூர் சென்றவர், அங்கே பிரிட்டிஷ் கடற்படைக்குச் சரக்கு கொண்டுசெல்லும் கப்பலில் சலவைக்காரராகச் சேர்ந்தார். அந்தக் கப்பல் தீவருகே நின்ற மாதங்களில் ஐந்து முறை குண்டு வெடித்தது. வெடிக்கும்போது மேல்தளத்தில் முதுகைத் திருப்பி உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. பேசுவதெல்லாம் துணிகளைப் பற்றியே.

2. அவருக்கு இப்போது எலும்பு மஜ்ஜை நோய். உடல் தானாக இரத்தம் உற்பத்தி செய்வதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. நாற்காலியில் உட்காரவைத்து இருவர் தூக்கி இறக்குகிறார்கள். முன்பு இரத்தம் கொடுக்க வந்த தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர், இந்த ஆண்டு இராணுவத்துக்குக் கட்டாய ஆளெடுப்பு தொடங்கிய பின், ஊரில் இல்லை. ஏன் என்று இம்மனுவில் எழுதத் தேவையில்லை. இருக்கும் காலம் மாதக் கணக்கில்தான் என்று மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னார். மருத்துவச் சான்று இணைக்கப்பட்டுள்ளது.

3. வெடிப்புக்குப் பிறகு தீவுக்குள் சென்று வந்தவர்களின் உடுப்புகள் மூட்டை மூட்டையாக என் தந்தையிடம் வந்தன. கப்பலில் நல்ல தண்ணீர் குறைவு. அலசிய தண்ணீரிலேயே அடுத்த மூட்டையை ஊறவைத்தார். இஸ்திரி போடும்போது, எங்கள் ஆட்கள் வழக்கமாகச் செய்வதுபோல, வாய் நிறையத் தண்ணீர் எடுத்துத் துணிமேல் புகையாக ஊதினார். அந்தத் தண்ணீரும் பக்கத்தில் இருந்த, துணி அலசிய அதே வாளித் தண்ணீர்தான். தங்கள் படிவத்தில் "சுவாசித்தீர்களா, விழுங்கினீர்களா, காயத்தில் பட்டதா" என்று மூன்று கட்டங்கள் உள்ளன. வாயில் வைத்து ஊதியதற்குக் கட்டம் இல்லை. முதல் இரண்டு விண்ணப்பங்களையும் நான் ஆங்கிலத்தில் எழுதினேன். இந்தச் செய்கையை ஆங்கிலத்தில் எழுதியபோது அது என்னவோ கேலிக்கூத்து போல ஆகிவிட்டது, வெட்கப்பட்டு அடித்துவிட்டேன். அது என் தவறு.

4. தங்கள் இரண்டாவது மறுப்புக்கு ஒரே காரணம்தான் சொல்லப்பட்டுள்ளது. கதிர்வீச்சை அளப்பதற்காக என் தந்தைக்குக் கொடுக்கப்பட்ட சட்டை பேட்ஜ் பூஜ்யம் காட்டியது. ஆகவே அவருக்குக் கதிர்வீச்சுப் படவில்லை.

5. அந்தக் கடிதம் வந்த அன்று, எதற்கென்று சொல்லாமல் அந்த பேட்ஜைப் பற்றி அவரிடம் கேட்டேன். அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே வாக்குமூலமாகத் தருகிறேன்:

"பேட்ஜா? ஞாபகம் இருக்கே. தொரை குடுக்கையிலேயே சொன்னார், நனையக் கூடாது, தொலைக்கக் கூடாது, திருப்பித் தரணும்னு. நமக்கு நாள் பூரா தண்ணியிலதானம்மா வேலை. மாட்டிக்கிட்டா ஒரு மணி நேரத்துல ஊறிப் போயிரும். அதனால துணியில சுத்தி, தகரப் பெட்டிக்குள்ள சாமி படத்துக்கிட்ட வச்சிட்டேன். ஸ்டோர் பார்த்த பீர் முகைதீன் அண்ணன் சிரிப்பார். என்னடா தம்பி, அதுக்கும் பூ வச்சுக் கும்பிடப் போறியான்னு. கடைசில திருப்பி வாங்குறப்போ, எல்லாத்துலயும் இதுதான் சுத்தமா இருக்குன்னு தொரையே முதுகுல தட்டினார். கப்பல்ல வேற யாரையும் தட்டலை, தெரியுமா?"

இதைச் சொல்லும்போது அவர் முகம் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

6. அந்தப் பூஜ்யம் பொய்யல்ல. ஒரு தகரப் பெட்டிக்குள் எவ்வளவு கதிர்வீச்சு இருந்ததோ அதை பேட்ஜ் சரியாகவே அளந்தது. அவரைத்தான் யாரும் அளக்கவில்லை. பேட்ஜ் எதற்கு என்று அவருக்கு விளக்கியவர் எவரும் இல்லை. இந்த இடத்தில் என்னையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இங்கே அரசு மூடிவைத்த பல்கலைக்கழகங்கள் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து திறந்த பிறகு நான் படித்தது இயற்பியல். பதினெட்டு ஆண்டுகளாக டியூஷன் வகுப்பில் கதிரியக்கப் பாடம் நடத்துகிறேன். பலகையில் சூத்திரம் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன். ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பீர் முகைதீன் உயிரோடு இருந்தபோதே சாட்சி வாங்கியிருக்கலாம்.

7. சாட்சிக்குப் பதிலாக ஒரு நோட்டை அனுப்புகிறேன். துணி மாறிப் போகாமலிருக்க ஒவ்வொருவர் உடுப்பிலும் சலவைக்காரர் மையால் ஒரு குறி இடுவார். எந்தக் குறி யாருடையது என்று என் தந்தை எழுதி வைத்த நோட்டு இது. நாற்பத்திரண்டு பெயர்கள், அவர்கள் வேலை பார்த்த பிரிவு, துணி வந்த நாள் ஆகியவை இதில் உள்ளன. இவர்களில் எத்தனை பேருக்குக் கதிர்வீச்சுப் பட்டதாக ஏற்று இழப்பீடு கொடுத்திருக்கிறீர்கள் என்பதைத் தங்கள் கோப்புகளே சொல்லும். அவர்கள் உடுத்திக் கழற்றியதைத் துவைத்தவர் இவர்.

8. ஆகவே, பேட்ஜ் பதிவை விலக்கிவிட்டு, அவர் செய்த வேலையைக் கொண்டு இந்த விண்ணப்பத்தை மீண்டும் ஆராய்ந்து, அவர் உயிரோடிருக்கும்போதே இழப்பீடு வழங்குமாறு வேண்டுகிறேன். வழங்குவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு அதிகம் இல்லை. அதை மறைத்து எழுதுவது மரியாதையாகாது.

9. நம்பிக்கை இல்லாததால் இன்னொரு கோரிக்கையும் உள்ளது. மனு எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியிலேயே பதில் அனுப்பப்படும் என்று தங்கள் விதிமுறை கூறுகிறது. என் தந்தைக்கு ஆங்கிலம் தெரியாது. முந்தைய கடிதங்களை நானே படித்துச் சொன்னேன். பேட்ஜ் பற்றிய வரியைப் படிக்கவில்லை. "இன்னும் விசாரிக்கிறார்களாம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் தமிழை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தாமே படித்துவிடுவார். அந்த பேட்ஜைச் சட்டையில் மாட்டியிருந்தால் இன்று இழப்பீடு கிடைத்திருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. அறுபத்தாறு ஆண்டுகளாக அவர் பெருமைப்பட்டுக்கொள்ளும் செயல் அது ஒன்றுதான்.

இழப்பீடு தர முடிவு செய்தால், பதிலைத் தமிழில், அவர் பெயருக்கே, சற்றுப் பெரிய எழுத்தில் அனுப்பி உதவுங்கள். மறுப்பதானால் ஆங்கிலத்தில், என் பெயருக்கு அனுப்பிவிடுங்கள். விதியை மீறுவது தங்களுக்குச் சிரமமாக இருக்கலாம். இது ஒன்றையாவது செய்து தருமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: யாங்கோன்
நாள்: 18.11.2024

இப்படிக்கு,
பொ. புஷ்பலதா

இணைப்பு: மருத்துவச் சான்று, சலவைக் குறி நோட்டு (மூலம், வேறு பிரதி இல்லை), கப்பல் பணிச் சான்றின் நகல்.