டீகனிடம் இருந்த சாவி

மார்ச் 4, 2023 – சனி

நண்டு பிடிக்கப் போய் கார் சாவியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பழைய துறைமேடையில் குனிந்து வலையைத் தூக்கும்போது சட்டைப் பையிலிருந்து நழுவியது. 'ப்ளக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வலையில் மூன்று நீல நண்டு. டெல்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடக் கேன்டீனில் பதினாறு வருடமாக என்னோடு நிற்பவள். என் கஷ்டத்தைப் பார்த்துச் சிரிக்க அவளுக்கு உரிமை உண்டு.

அவள் காரில்தான் வீடு வந்தேன். வழியில், "வீட்ல இன்னொரு சாவி இருக்கும்ல?" என்றாள்.

"இருந்துச்சு."

டீகன் இந்த வீட்டைவிட்டுப் போன அன்று அவள் சாவிக்கொத்தோடு அதுவும் போனது டெல்மாவுக்குத் தெரியும். டீகன் என் ஒரே மகள். போய்ப் பதினோரு மாதம்.

மார்ச் 6 – திங்கள்

அடிலெய்டில் கார் கம்பெனிக்காரன் ஒருவனிடம் விசாரித்தேன். காரை முந்நூறு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு வர வேண்டுமாம், காருக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டியையே மாற்ற வேண்டியிருக்கலாமாம், ஆயிரத்து எண்ணூறு டாலருக்குக் குறையாதாம். கார் விலையே அவ்வளவுதான் இருக்கும் என்றேன். "ஆமாங்க" என்றான், ரொம்ப மரியாதையாக.

பிறகு போர்ட் பிரியில் இருக்கிற ரோக்கோ என்கிற சாவிக்காரர். வண்டியோடு இங்கேயே வந்து செய்து கொடுப்பாராம்.

"உங்க சாவிக்குள்ள ஒரு சின்ன சிப்பு இருக்கு. காருக்கு அந்தச் சிப்பைத் தெரிஞ்சாத்தான் இன்ஜின் கிளம்பும். வேற சாவி ஒண்ணு கையில இருந்தா வேலை சுலபம், இருநூத்தி எண்பது. ஒண்ணுமே இல்லன்னா எண்ணூத்தி நாப்பது."

"ஏன் அவ்வளவு?"

"காரோட நினைவுல இருக்கிற சாவி எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேர்ந்து சொல்லிக் குடுக்கணும்."

"பழைய சாவிய யாராச்சும் வச்சிருந்தா?"

"கதவு திறக்கும். கார் கிளம்பாது. அது வெறும் இரும்புங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 7

எண்ணூற்று நாற்பது என்னிடம் இருக்கிறது. எழுதி வைக்கிறேன், பின்னால் எனக்கு நானே வேறு கதை சொல்லிக்கொள்ளாமல் இருக்க.

மார்ச் 8 – புதன்

இதை ஒரு தடவையாவது எழுதிவிட வேண்டும்.

டீகனுடைய நாய் பிஸ்கட். போன வருடம் ஜனவரியில் அது பக்கத்து வீட்டுக் குழந்தையின் கையைக் கடித்தது. டீகன் வடக்கே சுரங்கத்தில் இரண்டு வார ஷிப்டில் இருந்தாள். குழந்தையின் அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார். நான் பயந்துவிட்டேன். மறுநாள் பிஸ்கட்டைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். உயிரை முடிக்கிற ஊசியைப் போடும்போது தலையை என் மடியில் வைத்துக்கொண்டது.

டீகன் வந்து கேட்டாள். "கேட் திறந்து கிடந்துச்சு, ஓடிப்போயிடுச்சு" என்றேன். இரண்டு நாளில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் பிஸ்கட் படத்தை அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டாள். ஊர் முழுக்க ஒவ்வொரு மின்கம்பத்திலும் ஒட்டினோம். ஒட்டினோம் – நானும்தான். நான் டேப் பிடித்தேன். ராத்திரி மைதானத்தில் நின்று அவள் பிஸ்கட் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோது நானும் கூடச் சேர்ந்து கூப்பிட்டேன். பாவி. பாவி.

ஏப்ரலில் அந்தக் கால்நடை மருத்துவமனை வரவேற்பில் இருக்கிற பெண் கடையில் அவளைப் பார்த்து, "பிஸ்கட்டுக்காக வருத்தமா இருந்துச்சு டீகன்" என்று சொல்லியிருக்கிறாள். அன்று சாயங்காலம் ஒரு பையோடு போனவள்தான் டீகன்.

மார்ச் 9 – வியாழன்

டீகனுக்குப் போனில் செய்தி அனுப்பிவிட்டேன். ஏழு தடவை எழுதி அழித்து, கடைசியில் இப்படி: "டீகன், என் கார் சாவி கடலில் விழுந்துவிட்டது. உன்னிடம் உள்ள சாவி இல்லாவிட்டால் புதுசுக்கு 840 டாலர் ஆகுமாம். இருந்தால் 280. தர முடியுமா? – அம்மா."

டெல்மாவிடம் காட்டினேன். "காசுக்காகவா கேக்குற?" என்றாள்.

"ஆமா."

"அடியே நோலீன், பொய் சொல்றது உனக்கு இன்னும் சலிக்கல பாரு."

மார்ச் 11

பதில் இல்லை. வேலைக்கு நடந்து போய் வருகிறேன். கார் துறைமேடையிலேயே நிற்கிறது. நகராட்சிக்காரர் கண்ணாடியில் சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

மார்ச் 14 – செவ்வாய்

"அனுப்புறேன்."

ஒரே வார்த்தை. கேன்டீனில் இறைச்சி பஃப் சூடாக்கும் அடுப்புப் பக்கத்தில் நின்றபடி படித்தேன். ஒரு தட்டு பஃபும் கருகிப் போனது. டெல்மா என்னைத் திட்டவேயில்லை.

அவள் எண் மாறவில்லை. என்னை பிளாக் செய்யவும் இல்லை. இதுவே போதும் என்று மனசு குதிக்கிறது. கொண்டு வருகிறேன் என்று சொல்லவில்லையே என்பது இப்போதுதான், பல் துலக்கும்போது, உறைக்கிறது.

மார்ச் 16 – வியாழன்

வந்துவிட்டது.

உறைக்குள் குமிழிப் பிளாஸ்டிக், அதற்குள் சாவி. கடிதம் இல்லை. உறையைக் கத்தரிக்கோலால் நாலு பக்கமும் வெட்டி விரித்துப் பார்த்தேன். சாவி மாட்டியிருந்த வளையத்தைக்கூடக் கழற்றி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

உறையின் பின்னால் அனுப்பியவர் முகவரி. வயாலா. மேற்கே பெர்த் பக்கம் போயிருப்பாள், கடல் தாண்டியே போயிருப்பாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். வயாலா! இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. என்னைப் பார்க்காமலிருக்க அவளுக்குத் தூரமே தேவைப்படவில்லை.

சாயங்காலம் துறைமேடைக்கு நடந்தேன். கார் மேலெல்லாம் கடற்பறவை எச்சம். முதல் திருகலிலேயே கிளம்பியது. ஸ்டியரிங்மேல் தலையை வைத்து அழுதேன்.

எண்ணூற்று நாற்பதையும் கொடுத்திருக்க வேண்டும். அந்தச் சாவி அவளிடமே இருந்திருக்கும். வெறும் இரும்பாக என்றாலும் – அவளிடம் இருந்திருக்கும்.

மார்ச் 20 – திங்கள்

ரோக்கோ வந்தார். குள்ளமாக, வாய் ஓயாத மனிதர். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகினார், புதுச் சாவியைத் திருகினார், கால் மணி நேரம், முடிந்தது.

"இதுக்குப் போய் இருநூத்தி எண்பதா?"

"திருகுறதுக்கு அஞ்சு டாலர். எப்பத் திருகணும்னு தெரிஞ்சதுக்கு மிச்சம்." அவரே சிரித்துக்கொண்டார். "சாவி அனுப்பின மகளுக்கு ஒரு கேக் வாங்கிக் குடுங்க. ஐந்நூத்தி அறுபது மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கா!"

வாங்கித் தருகிறேன் என்றேன்.

மார்ச் 25 – சனி

வயாலாவுக்குப் போனேன்.

செங்கல் வீடு, முன்னால் புல் வெட்டியிருந்தது. கதவைத் திறந்தது டீகன்தான். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். வலைக்கதவைத் திறக்கவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் அவள் முகம் மங்கலாக இருந்தது.

"சாவி வேலை செய்யலையா?"

"செய்யுது." அப்புறம் வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததை மறந்துபோய், "நான் பொய் சொன்னேன் டீகன். பயந்துட்டேன். என்னை மன்னிச்சிரு" என்றேன்.

"பிஸ்கட்டக் கொண்டுபோனது எனக்குப் புரியுதும்மா. கடிச்சிருச்சு. நானா இருந்தாலும் வேற வழி இருந்திருக்காது. ஆனா ஒவ்வொரு கம்பத்துலயும் நான் போஸ்டர ஒட்ட, நீ டேப்பைப் பல்லால கடிச்சுக் கடிச்சுக் குடுத்த. அதத்தான் என்னால தாங்க முடியல."

பையிலிருந்து அவள் சாவியை எடுத்து நீட்டினேன். "இது உன்னோடது. எனக்குப் புதுசு இருக்கு. வச்சுக்கோ."

டீகன் அதை வாங்கவில்லை. கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேண்டாம்மா. அது கொத்துல கிடந்த வரைக்கும், என்னைக்காவது வந்துருவேனோன்னு எனக்கே பயமா இருந்துச்சு. நீ கேட்டதும் நல்லதாப் போச்சு."

"டீ குடிச்சுட்டுப் போறேனே" என்றேன். எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ.

"பாத்து ஓட்டும்மா. இருட்டுறதுக்குள்ள போயிரு. ரோட்ல கங்காரு வரும்."

மெதுவாகத்தான் கதவைச் சாத்தினாள்.

ஏப்ரல் 2

டெல்மா ஒரு பாத்திரம் நண்டுக் குழம்பை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மே 14 – ஞாயிறு

அன்னையர் தினம். டீகனுக்கு எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை முடித்துத் தபாலில் போட்டேன், நாலு பக்கம். ஒரு இடத்திலும் பணம் என்று எழுதவில்லை. திரும்பி வா என்றும் எழுதவில்லை. பிஸ்கட்டின் கடைசி நாளை மட்டும், காலையிலிருந்து, உள்ளது உள்ளபடி எழுதினேன். அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை உண்டு.

ஜூன் 2 – வெள்ளி

கடிதம் திரும்பி வந்துவிட்டது. உறையின் குறுக்கே நீல மையில்: "இந்த முகவரியில் இல்லை. அனுப்பியவருக்கே திருப்பவும்." எழுத்து டீகனுடையது. அந்தக் கோணல் எழுத்தை எனக்குத் தெரியாதா?

சமையல் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் கவனித்தேன். உறையின் வாய் சுருங்கியிருந்தது. ஒருமுறை பிரித்து, வேறு பசையால் மறுபடி ஒட்டியிருக்கிறது. உள்ளே நாலு பக்கமும் இருந்தன. நான் நாலாக மடித்துப் போட்டிருந்தேன். இப்போது இரண்டாக மடிந்திருந்தது.