போட்டோவில் பாதி முகம்

திண்டிவனம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம், முதல் ஞாயிறு.

காலைப் பூசையில் நம்பிக்கையைக் குறிக்கும் முதல் மெழுகுவர்த்தியை நான்தான் ஏற்றினேன். பூசை முடிந்ததும் வெள்ளம் புகுந்த தெருவுக்கு அரிசி கொடுக்கப் போனோம். வீட்டு வேலைக்குப் போகிற ஆரோக்கியமேரியின் வீட்டில் கணுக்கால் அளவு சேறு. மூட்டையின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்தேன். பின்னால் எங்கள் கோயில் பேனரைக் கட்டிவிட்டு, பங்குப் பேரவைச் செயலாளர் படமெடுக்கப் போனைத் தூக்கினார்.

"பேனரை மறைக்கிற, தள்ளி நில்லும்மா. கொஞ்சம் சிரி."

மூன்று முறை எடுத்தார். மூன்று முறையும் அவள் சிரித்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் மூட்டையை விடவில்லை.

திரும்பி வரும்போது பார்த்தால், போன வருஷத்துக் காகித நட்சத்திரத்தைக் கூரையில் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு முனை கிழிந்திருந்தது.

"இந்தச் சேத்துல இது எதுக்கும்மா?" என்றேன்.

"என்னா சார் இப்புடிக் கேக்குறீங்க? பொறக்க வர்றவருக்கு வூடு தெரிய வேணாமா?" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வாட்ஸப் குழுவில் போட்டோ வந்திருக்கிறது. பேனர் பளிச்சென்று இருக்கிறது. தள்ளி நிற்கச் சொன்னதில் அவள் முகம் பாதி வெட்டுப்பட்டுவிட்டது. பல்லெல்லாம் தெரிய இளிப்பவன் நான்.

எங்கள் வீட்டு நட்சத்திரம் இன்னும் பரணில்தான் கிடக்கிறது. நாளைக்கு மாட்ட வேண்டும். அதன் வெளிச்சத்தில் இந்த மூஞ்சியோடு எப்படி நிற்பது?