மை பூசாத மழை

போன கிழமை ஃப்ரீசரைத் துப்பரவாக்கும்போது, மீன் பொதிகளுக்குக் கீழே உன் தாள்கள் அகப்பட்டன. நான்கு ஈரத்தாள், பிளாஸ்டிக் உறையில் சுற்றி. “உதை எறியட்டே?” என்று இவர் கேட்டார். எரிந்து விழுந்தேன். பாவம், அச்சடிக்க நனைத்த தாள் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கக் குளிரில் வைப்போம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எங்கள் டூங்கபி ஊர் மண்டபத்தில் அப்போது சனிக்கிழமைகளில் ஜப்பானிய மரப்பலகை அச்சு வகுப்பு; நாமிருவரும் போனோம். மற்றவர்கள் பூவும் பூனையும் செதுக்க, நீ உன் பின்வளவு உடுப்புக் கொடியைச் செதுக்கினாய். முன்னால் ஒரு சட்டைக் கை மட்டும், மரமளவு பெரிதாக, தாளின் ஓரத்தில் வெட்டுப்பட்டு. அதற்குக் கீழே, தூரத்தில், விரல்நகமளவு ரயில்.

“மிச்சச் சட்டை எங்கயடி?”

“அது தாளுக்கு வெளியில தொங்குது” என்றாய். விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு பலகை. கறுப்புப் பலகையும் சிவப்புப் பலகையும் அந்த நான்கு தாளிலும் பிசகாமல் பதிந்தன. மூன்றாவது பலகை மழை. மயிரளவு கோடுகளை விட்டு மற்றதையெல்லாம் செதுக்கி எடுக்க உனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதை மை பூசாமல் ஒற்றப்போவதாகச் சொன்னாய். வெறும் பலகையில் ஈரத்தாளை வைத்துத் தேய்த்தால் கோடுகள் நிறமில்லாமல் தாளில் அழுந்தி நிற்கும், அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மழை மேலே கருநீலமாகத் தொடங்கி, கீழே வரவரக் கரைய வேண்டும் என்பது என் பிடிவாதம்.

“ஒருத்தருக்கும் தெரியாத மழை ஆருக்கு? உனக்கு விசரே?”

“கிட்ட வாறவைக்குத் தெரியும்.”

“அப்ப உதைக் குப்பையில போடு” என்றேன், எல்லோர் முன்னாலும். நீ பலகையையும் தாள்களையும் என் கையில் தந்தாய். “நீயே அடி” என்றாய். அந்தக் கிழமையே உனக்கு நெஞ்சுவலி. நான் மன்னிப்புக் கேட்க நினைத்திருந்த சனிக்கிழமை உன் செத்தவீடு.

போன கிழமை, ஃப்ரீசரிலிருந்து எடுத்த தாள்கள் இளகியதும் நீலம் கலந்தேன். தூரிகையைத் தோய்த்தும்விட்டேன். பலகையைப் பிடித்த கையில் உன் கோடுகள் தட்டுப்பட்டன. முடியவில்லையடி. தூரிகையைக் கழுவி வைத்தேன். பலகை மூலையில் நீ வெட்டிய அடையாளத்தோடு தாளைப் பொருத்தி, வெறும் பலகையில் வைத்து, கை நோகத் தேய்த்தேன். நான்கு தாளையும்.

பின்னேரம் உன் மகள் வந்தாள். வெறுமையான இடத்தில் விரலை ஓட்டினாள். “அம்மாட மழை” என்றாள். பிறகு இருவரும் அழுதோம்.

மூன்றை அவளிடம் கொடுத்துவிட்டேன். ஒன்று என் வீட்டு யன்னலோரம் தொங்குகிறது. நீ சொன்னதுதான் சரி. அதை உன் முகத்துக்கு நேரே சொல்லவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

“மேல ஒண்டுமில்லையே, வெறுமையாக் கிடக்கு” என்றார் நேற்று வந்த ஒரு அங்கிள்.

“கிட்ட வந்து பாருங்கோ” என்றேன்.