பாதியில் மூடிய தோசை

இன்று காலை அழகர்கோவில் தோசை வாசலுக்கு வந்தது. அதே நெய்யும் மிளகும் கலந்த வாசனை. கொண்டு வந்தவரும் அதே அவனியாபுரத்து அம்மாதான், தலை முழுக்க நரைத்துப்போய். நீங்கள் கண்ணை மூடிய செய்தி இப்போதுதான் எட்டியதாம்.

நீதிபதி வீட்டில் ஒரு முழம் பூகூட வாங்கக் கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே சொன்னீர்கள். பழக்கூடை, பொங்கல் கரும்பு, எல்லாவற்றையும் நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் இந்த அம்மா தோசையோடு வந்த அன்றைக்கு மட்டும், பிரசாதம் என்றதும் கை நீண்டுவிட்டது. பெருமாளை எப்படி வேண்டாம் என்பது?

பாதி தின்ற பிறகுதான் கேட்டீர்கள்.

"யாரு குடுத்தா?"

"ஒரு அம்மா. மகன் பேருக்கு அர்ச்சனை பண்ணுனாகளாம்."

மகன் பேரைச் சொன்னேன். மெல்வதை நிறுத்தினீர்கள். அவன் உங்கள் கோர்ட்டில் அடிதடி வழக்கில் நின்றவன். விசாரணை முடிந்து தீர்ப்பு மட்டும் பாக்கி.

"அரைத் தோசைக்கா நியாயம் புரண்டுரும்?" என்றேன்.

"புரளாது. புரளலைன்னு அடிபட்டவனுக்கு யாரு சொல்றது?"

இலையை மூடினீர்கள். மறுநாளே மேல் நீதிபதிக்கு எழுதி வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றிவிட்டீர்கள். அங்கே ஏழு வருஷம் தண்டனை. பேப்பரில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். தீர்ப்பை நீங்கள் எழுதியிருந்தால் அவனை விட்டிருப்பீர்களோ? எத்தனையோ தடவை கேட்டேன். "எழுதாத தீர்ப்பைக் கேக்காத" என்றதோடு சரி. என் கையால் ஒருத்தி மகன் உள்ளே போனான் என்றே நினைத்து, சனிக்கிழமை தவறாமல் அவன் பேருக்கு விளக்குப் போட்டு வந்தேன்.

இன்று அந்த அம்மா என்ன சொன்னார் தெரியுமா?

"ஐயாகிட்டயே இருந்திருந்தா இன்னும் கூடத்தான் போட்டிருப்பாகன்னு வக்கீலு சொன்னாரு. அழகர்தான் ஆத்தா, அன்னைக்கி தோசையா வந்து கேசை மாத்திவிட்டது."

பொட்டலத்தை நீட்டினார். வீட்டில் இப்போது நீதிபதி இல்லை. ஆனாலும் வாய் தானாகக் கேட்டது: "மகனுக்கு இப்ப கேசு ஒண்ணும் இல்லையே?"

அவர் சிரித்துவிட்டார். "இல்லத்தா. ஷேர் ஆட்டோ ஓட்டுறான். கேசு அவன் பொண்டாட்டிகிட்டத்தான்."

வாங்கிக்கொண்டேன். பாதி தின்றேன். மீதி உங்கள் படத்தின் முன்னால் இருக்கிறது. வைத்தது சரியா என்றுகூடத் தெரியவில்லை.

நாளை சனிக்கிழமை. திரி திரித்து வைத்துவிட்டேன். பாவத்துக்கென்று ஏற்றிய விளக்கை இனி எதற்கென்று ஏற்றுவது? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் நீங்கள்.