திருத்தினால் சிவப்பை மறக்கும் வரி

அன்புள்ள ஸ்டெல்லா,

ஒரு கேள்வி. பதில் எனக்குத் தெரியாது. உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஷிப்ட் பட்டியல் திரையில், ஒவ்வொரு வரியிலும், கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்துக்கு நீ இடம் ஒதுக்கியிருக்கிறாய். புரோகிராமில் எங்குமே அதைப் பயன்படுத்தவில்லை. மறந்துவிட்டாயா, இல்லை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து முடிக்கலாம் என்று வைத்திருந்தாயா?

நீ எங்கிருந்தோ இதைப் படிப்பாய் என்று நான் நம்பவில்லை. கல்லறைத் திருநாளில் உன் மகள் மெழுகுவத்தி ஏற்றியபோதும் பக்கத்தில் சும்மாதான் நின்றேன். சந்தேகப் பிராணி என்று திட்டுவாய். இருந்தும் எழுதுகிறேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

வேடசந்தூர் மில்லில் நீ எழுதிய பட்டியல் இன்னும் ஓடுகிறது; இப்போது அதைப் பார்த்துக்கொள்வது நான். மூச்சிரைப்பு உள்ளவர்களின் பெயர் சிவப்பில் வரும்; பஞ்சு உடைத்துத் தூசி பறக்கும் புளோ ரூமுக்கு அவர்களை அனுப்பக் கூடாது. மேனேஜரிடம் மல்லுக்கட்டி அதைச் சேர்த்தவள் நீதான்.

போன வாரம், சிவப்பில் வர வேண்டிய பாண்டியம்மாளைப் புளோ ரூமில் போட்டுவிட்டார்கள். மத்தியானத்துக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. பிழைத்துவிட்டாள். நான் சூப்பர்வைசர் சண்முகத்திடம் சண்டைக்குப் போனேன்.

"உங்க கம்ப்யூட்டர் வெள்ளையாத்தான மேடம் காட்டுச்சு? நான் என்ன ஜோசியமா பாக்க?" என்றார்.

அவர் சொன்னது உண்மை. மொத்தப் பட்டியலுக்கும் நீ வைத்தது ஒரே ஒரு சிவப்பு சுவிட்ச். முதலில் பெயர்களை நிரப்பும்போது, ஆளைப் பார்த்து அதைப் போட்டும் அணைத்தும் வரிகளை எழுதுகிறாய். அதுவரை சரி. ஆனால் யாராவது ஒரு வரியைத் திருத்தினால், புரோகிராம் அந்த வரியை மறுபடி எழுதுகிறது. அப்போது இது யாருடைய வரி என்று சுவிட்ச் பார்ப்பதில்லை, அணைந்தே கிடக்கிறது. இத்தனை காலம் சிவப்பு வரிகளில் யாரும் கை வைக்கவில்லை. இப்போது மில் பஸ் நேரம் மாறியது. அதற்கேற்ப சண்முகம் பாண்டியம்மாளின் வரியில் ஷிப்ட் நேரத்தைத் திருத்தினார். அது வெளுத்துப் போனது.

இன்று அந்தக் காலி இடத்தை நிரப்பினேன். அவரவர் நிறம் இனி அவரவர் வரியிலேயே ஒளிந்திருக்கும். மறுபடி எழுதும் முன் புரோகிராம் அதைப் பார்த்துக்கொள்ளும். இதற்காகத்தான் நீ இடம் விட்டாய் என்று நினைக்கப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

நாளைக் காலை ஷிப்டுக்கு ஆள் போடும்போது சண்முகத்தின் பக்கத்தில் நிற்பேன். அந்தப் பெயரை இனி வெளுக்க விடமாட்டேன், ஸ்டெல்லா.

உன் மகள் சித்தி என்று கூப்பிடும்
மாலதி

மறுநாள் எழுதிச் சேர்த்தது:

சண்முகம் பாண்டியம்மாளின் வரியைத் திருத்தி என்டர் தட்டினார். சிவப்பு அப்படியே நின்றது. அவளை நூல் சுற்றும் பக்கம் அனுப்பிவிட்டு, வெள்ளையில் இருந்த செல்வியைப் புளோ ரூமுக்குப் போட்டார். செல்வி நேரே என்னிடம் வந்தாள்.

"யக்கா, எனக்குந்தான் ராவெல்லாம் மூச்சு இளைக்குது. என் பேரையும் செகப்பாக்கி விடுவீகளா?"

சிவப்பாக்க டாக்டர் சீட்டு வேண்டும், இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். சண்முகத்திடம் வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்.