மேனாட்டு ஆயாவின் வீடு

ஜூலை 12, சனி

காலையில் மழை வருவதுபோல் காட்டிவிட்டுப் போய்விட்டது. புழுக்கம். எட்டாம் வகுப்புக் கணக்குத் தாள்கள் அப்படியே கிடக்கின்றன.

சாமுவேல் சித்தப்பா விடாமல் போன். நாளை கள்ளக்குறிச்சியில் ஆயாவுக்கு நினைவுக் கூட்டம். ‘ரூபிம்மா, நீதான் பேசணும். நீ டீச்சரு. நாலு நல்ல வார்த்தையா பாத்து எடுத்துகினு வா.’ ஆயா உயிரோடு இருந்தபோது இவர் அவளிடம் பேசிய நல்ல வார்த்தை நாலு தேறுமா?

ஆயா என் அப்பாவைப் பெற்றவள். சாராம்மா. தெலுங்கு நாட்டுக்காரி. அங்கே மெனோனைட் என்று ஒரு சபை. அதிலேயே பிறந்து, நர்ஸ் படித்து, அங்கே வேலைக்குப் போயிருந்த தாத்தாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். இந்தப் பக்கம் அந்தச் சபை கிடையாது. பெயரும் யாருக்கும் வாயில் நுழையவில்லை. மேனாட்டு ஆயா என்று ஆக்கிவிட்டார்கள். வெள்ளைக்காரி என்று நம்பிப் பார்க்க வந்து ஏமாந்தவர்கள் உண்டு.

அவள் சட்டங்கள்: நகை கூடாது. சத்தியம் செய்யக் கூடாது. அடித்தவனைத் திருப்பி அடிக்கக் கூடாது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கூடாது, வளர்ந்து தானாகக் கேட்க வேண்டும். பொய் கூடவே கூடாது. இப்படி ஒருத்தியோடு ஒரே வீட்டில் வளர்ந்து பார்த்தால் தெரியும்.

வீட்டுக்காரர் மறுபடி வந்தார். மகனுக்குக் கல்யாணமாம். நான் காலி செய்ய வேண்டுமாம். திருக்கோவிலூரில் வேறு வீடே இல்லாத மாதிரி என் வீட்டில்தான் குடிவைக்க வேண்டுமா?

ஜூலை 13, ஞாயிறு

கூட்டம் முடிந்தது. தலைவலி.

சர்ச் வாசலில் பிளெக்ஸ். ‘விசுவாச வீராங்கனை’. ஆயாவின் படத்தைக் கம்ப்யூட்டரில் பளபளப்பாக்கி, காதில் கம்மலும் கழுத்தில் செயினும் போட்டிருக்கிறான் கடைக்காரன். கல்யாணத்தன்றுகூடக் கண்ணாடி வளையல் போடாதவள். சித்தப்பாவுக்குப் பெருமை. ‘சும்மா கெடந்த காதும்மா. பாக்கறதுக்கு அம்சமா இருக்கட்டுமேன்னு.’

செல்லி ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தாள். ‘இது யாருக்கா?’ கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

செல்லி கல்வராயன் மலையில் பிறந்தவள். ஆயா வாரத்தில் பாதி நாள் மலையில்தான் கிடப்பாள். பஸ் போகாத ஊர்களுக்கு நடந்தே போய்ப் பிரசவம் பார்ப்பாள். ஒரு வீட்டில் தாய் பிழைக்கவில்லை. பிள்ளையை வாங்கிக்கொள்ள அங்கே யாரும் முன்வரவில்லை. புடவையில் சுற்றிக் கீழே எடுத்து வந்துவிட்டாள். அந்தப் பிள்ளைதான் இப்போது கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறது, கடைசி வரை ஆயாவின் பீ மூத்திரம் அள்ளியது. ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ‘அதுவா கேக்கட்டும்’ என்று ஆயா காத்திருந்தாள். அது கேட்கவே இல்லை.

பாஸ்டர் நீட்டி முழக்கினார். கோர்ட்டில் ஆயா ஜெபித்தாளாம், எதிராளி நடுங்கிப்போனானாம். முன் வரிசையில் ‘அல்லேலூயா’. அந்தக் கேஸில் தோற்றது என் அப்பா. சித்தப்பா தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தெரியாத மாதிரி.

நான் இரண்டு நிமிடம் பேசினேன். பிரசவம், மலை, எளிமை. கைதட்டினார்கள். பிரியாணியில் உப்பு ஜாஸ்தி.

ஜூலை 14, திங்கள்

பள்ளியில் மனசு ஓடவில்லை. பாஸ்டர் சொன்ன கதையே குடைகிறது. நடந்தது இதுதான்.

நைனார்பாளையத்தில் எங்கள் பங்கு நிலம். அப்பாவுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் வழித்தகராறு. அவர் கடப்பாரையால் போட்டதில் அப்பாவின் வலது கை போயிற்று. மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டிய கை. பார்த்த சாட்சி ஆயா மட்டும். வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார். ‘அவரு அடிச்சாருன்னு மட்டும் சொல்லுங்கம்மா. மேல ஒண்ணும் வேணாம்.’

கூண்டில் ஏறியதும் சத்தியம் செய்ய மாட்டேன் என்றாள். சரி, உறுதி சொன்னால் போதும் என்றார் ஜட்ஜ். அடுத்தது, ‘நான் அபத்தம் சொல்ல மாட்டேன்’ என்றாள். தெலுங்கில் அபத்தம் என்றால் பொய். இந்த ஊரில் உளறல். கோர்ட்டே சிரித்தது. அப்புறம் சொன்னாள்: ‘என் மவன்தான் முதல்ல மம்முட்டியத் தூக்கினு அவரு மேல போனான்.’

அவ்வளவுதான். கேஸ் போனது, வழி போனது, டிராக்டரை விற்றோம். அப்பா சாகும்வரை அவளிடம் பேசவில்லை. ஒரே வீட்டில். சோறு போடுவாள், தின்பார், எழுந்து போவார். நடுவில் உட்கார்ந்து தின்றவள் நான். உண்மை பேசி அவள் பரலோகத்துக்கு இடம் பிடித்துக்கொண்டாள். செலவு எங்களுடையது.

ஜூலை 16, புதன்

சித்தப்பா ஸ்கூலுக்கே வந்துவிட்டார். கையில் ஆப்பிள் பை. ஆப்பிளைப் பார்த்ததுமே தெரிந்தது.

விஷயம் வீடு. சர்ச் காம்பவுண்டில் ஆயா இருந்த வீடு. அவளுக்குப் பிறகு அவள் கைகாட்டும் ஆளுக்கு என்று சர்ச் கமிட்டி அவள் குடிவந்தபோதே ஒத்துக்கொண்டது. ஆயா எழுதிக் கொடுக்கவில்லை. சொன்னால் போதாதா என்று நினைக்கும் ஜாதி. சொன்னாள்தான். போன கிறிஸ்துமஸ் சாப்பாட்டில், நானும் சித்தப்பாவும் பக்கத்தில். ‘இந்த வூடு செல்லிக்கு. அத யாரும் வெளிய அனுப்பக்கூடாது.’

கேட்டது நாங்கள் இரண்டு பேர்தான். செல்லி அடுப்படியில் இருந்தாள்.

‘அது எதுக்கும்மா இப்ப? நமக்குச் சொல்லிச்சின்னு ரெண்டு பேரும் சொல்லிட்டா முடிஞ்சிது. ரோட்டுப் பக்கம் நான் கடை கட்டிக்கறேன். மாடியில உனக்கு வூடு. வாடகையே வாணாம். எத்தினி நாளு வூடு வூடா தூக்கிகினு திரிவ?’

ரைஸ் மில் வைத்திருப்பவருக்குக் கடை வேண்டுமாம்.

‘செல்லி?’

‘அதுக்கு மலையில சனம் இல்லியா இன்னா? ஞானஸ்நானம் எடுக்காத பொண்ண கமிட்டி வுடுமா?’

பார்க்கலாம் என்றேன். ஆப்பிளை வாங்கிக்கொண்டேன். மாவு மாதிரி இருந்தது.

ஜூலை 19, சனி

சித்தப்பா காரில் கல்வராயன் மலை. செல்லியைச் சேர்ந்தவர்களிடம் பேசி வைக்கவாம். நான் எதற்குப் போனேன்? மாடி வீட்டுக்குத்தான். வேறு பொய் எழுத வேண்டாம்.

வெள்ளிமலை தாண்டி ஒரு ஊர். சாரல், குளிர். வளைவுகளில் சித்தப்பாவுக்கு வாந்தி. பார்க்க நன்றாக இருந்தது.

செல்லியின் பெரியப்பா மரவள்ளிக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. சித்தப்பா குழைந்து குழைந்து பேசினார். ரத்த சொந்தம், பாசம், கடைசிக் காலம். கிழவர் கடைசிவரை கேட்டார்.

‘அன்னிக்கு நாங்க வாணாம்னோம். அந்தம்மா எடுத்துகினு போச்சி. இப்ப அந்தம்மா செத்துட்டா, நீங்க திருப்பிக் குடுக்க வந்துட்டீங்களா?’

கிழவர் அதற்குமேல் எங்களைப் பார்க்கவும் இல்லை.

இறங்கும்போது சித்தப்பா: ‘காட்டான். மரியாதை தெரியுதா பாரு.’ சட்டையில் வாந்தி காயவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனை முடிந்து கமிட்டி. பாஸ்டர், மூப்பர்கள், வாழைப்பழம், டீ. செல்லி கதவோரம் நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

சித்தப்பா முதலில். பைபிளில் கை வைத்தார். ‘கடைசி நேரத்துல அம்மா என் கையப் புடிச்சிகினு, சாமுவேலு, இந்த வூடு உனக்குடான்னிச்சு.’ சொல்லிவிட்டு அழுதார். கைக்குட்டையை மடித்து மடித்து இரண்டு கண்ணையும் ஒற்றினார். கடைசி நேரத்தில் ஆயாவுக்குப் பேச்சே இல்லை. இவர் மில்லில் இருந்தார். ஒரு மூப்பரும் கண்ணைத் துடைத்தார்.

அவர் அழாமல் இருந்திருந்தால் நான் ஒத்துப்போயிருப்பேன். நிச்சயமாக.

‘நீ சொல்லும்மா ரூபி. கைய வச்சிச் சொல்லு.’

வைத்தேன். ஆயா வைத்திருக்க மாட்டாள். எனக்கு அந்தக் கொள்கையெல்லாம் கிடையாது.

‘வீடு செல்லிக்குன்னு சொன்னாங்க. கிறிஸ்துமஸ் அன்னிக்கு. சித்தப்பாவும் கேட்டாரு. கடைசில இவரு பக்கத்துலயே இல்ல.’

டீ டம்ளர் வைக்கும் சத்தம். பாஸ்டர் தொண்டையைச் செருமினார். ‘அந்தப் பொண்ணு நம்ம சபையில சேரலயே...’

‘அதுவா கேக்கட்டும்னுதான் ஆயா வுட்டுச்சு. வூட்டக் குடுக்கறதுக்கு அத ஒரு நிபந்தனையா வைக்கல’ என்றேன். வாத்தியார் குரல் வந்துவிட்டது. மூப்பர்கள் பத்தாம் வகுப்புப் பையன்கள் மாதிரி கீழே பார்த்தார்கள். ஆயா கைகாட்டும் ஆளுக்கு என்று ஒத்துக்கொண்டவர்கள்தானே. மாற்றிப் பேச ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. செல்லியே இருக்கட்டும் என்று முடித்தார்கள்.

வாசலில் சித்தப்பா: ‘அப்படியே கெழவிதான். உன் அப்பன் கேஸக் கெடுத்தது பத்தலியா அந்த வாயி?’ காறித் துப்பிவிட்டு வண்டியை எடுத்தார். பஸ்ஸில் வந்தேன், நின்றுகொண்டே.

செல்லியிடம் நன்றி, கண்ணீர், எதுவும் இல்லை. மிச்ச வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கிழவி வளர்ப்பு அப்படி.

ஜூலை 23, புதன்

மழை. தாள்கள் முடிந்தன. பாதிப் பேருக்குப் பின்னமே வரவில்லை.

வீட்டுக்காரர் ஆளை வைத்து அளக்கிறார். நான் உள்ளே இருக்கும்போதே. கீழத்தெருவில் ஒரு வீடு பார்த்தேன். தண்ணீர் இல்லை.

சாயங்காலம் செல்லி போன்.

‘அக்கா, பின்னாடி ரூமு சும்மாதான் கெடக்குது. வர்றதுன்னா வா. சமையல் தனி.’

வைத்துவிட்டாள். தனியாமே. இவள் வைக்கும் குழம்பை யார் கேட்டது?