அண்ணன் மொழி: இரண்டாம் நிலை

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. விருதுநகர் பஸ் நிலையத்தில் கண்ணைத் திறக்க முடியாத புழுதி. சிவகாசி பஸ்ஸில் ஜன்னல் சீட். ஆமத்தூர் தாண்டும் வரை போனில் பழைய சைகைச் சொற்களைத் திரும்பப் பார்த்தேன். நேற்று, நாளை, மறந்துவிட்டேன், ஏன், எப்போது. நேற்றும் நாளையும் இன்னும் குழப்பம். கையை முன்னால் கொண்டுபோவதா பின்னால் கொண்டுபோவதா என்று யோசிப்பதற்குள் ஆப் அடுத்த அட்டைக்குப் போய்விடுகிறது. தவறியவை சிவப்பில் வரும். இன்று எல்லாம் சிவப்பு.

இன்று முதல் இரண்டாம் நிலை. சைகை மொழி, இணைய வகுப்பு, சாயங்காலங்களில். ஆசிரியருக்கும் காது கேட்காது. வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. ஆபீஸ் முடிந்ததும் சாம்பிள் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு போன் முன்னால் உட்காருகிறேன். சுற்றிலும் புஸ்வாணம், சக்கரம் அட்டைப் பெட்டிகள். பேச்சில்லாத வகுப்புக்கு நல்ல இடம்தான்.

காது கேட்காத அண்ணனுக்காகத்தான் படிக்கிறேன், அவனுக்குத் தெரியாது. மனைவி செல்விக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன். நன்றாக வந்த பிறகு ஒருநாள் அண்ணன் முன்னால் போய் நின்று பேசிவிட வேண்டும்.

வாங்க: மிளகாய் வற்றல், பாப்பாவுக்கு ஸ்கேல், வாசல் பல்பு.

ஜூன் 6, வெள்ளி

இந்தூர் வியாபாரி மறுபடியும் போனில். கம்பி மத்தாப்பு கூட வேண்டுமாம், லோடு முன்னாலேயே வேண்டுமாம். விஸ்வநத்தம் பேக்டரியில் கேட்டுச் சொல்கிறேன் என்று இந்தியில் சமாளித்தேன். முதலாளி பின்னால் நின்று கேட்டிருக்கிறார். "நீ பேசுறதக் கேட்டா அவுக ஊர்க்காரன்னுதான்டா நெனைப்பாக" என்றார். சந்தோஷப்பட வேண்டிய வார்த்தை. எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தது.

வேலைக்கு வேண்டும் என்றதும் இந்தி படித்தேன். தெலுங்கும் பிழைக்கிற அளவுக்கு. ஒரே பாயில் படுத்து வளர்ந்த அண்ணனோடு பேச என்ன வைத்திருந்தோம்? சாப்பாடு. தூக்கம். பிரஸ். பஸ். காய்ச்சல். வா, போ, போதும். மூக்குத்தி இடத்தைத் தொட்டால் அம்மா, மீசையை முறுக்கினால் அப்பா. முழங்கால் உயரத்தில் கையை வைத்தால் நான், சின்னவன். எனக்கு நாற்பது தாண்டியும் அதே உயரம்.

'ஏன்' என்பதற்கு எங்கள் வீட்டில் சைகையே கிடையாது. ஒரு காரணத்தையும் அவனிடம் யாரும் சொன்னதில்லை. கேட்க அவனுக்கும் வழியில்லை.

பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார வைத்து, சில வருடங்களில் நிறுத்திவிட்டார்கள். பேர் எழுதுவான், பஸ் போர்டு படிப்பான். அவ்வளவுதான் எழுத்து. பிறகு சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் வேலை. அங்கே வேலைக்கு வந்த காது கேளாத இரண்டு பேரிடம்தான் இந்த மொழியைக் கற்றான். அப்போது அவனுக்கு முப்பது வயதிருக்கும். அதுவரை உள்ளே என்ன வைத்திருந்தான் என்று யாருக்குத் தெரியும்?

ஜூன் 10, செவ்வாய்

வகுப்பில் என்னைத் தனியாகச் செய்யச் சொன்னார் ஆசிரியர். 'உங்கள் ஊர் எது?' என்று கேட்க வேண்டும். செய்தேன். சரியில்லை என்று தலையை ஆட்டினார். மறுபடி செய்தேன். எழுதிக் காட்டினார்: கை சரி, முகம் எங்கே?

முகம்தான் கேள்வி கேட்குமாம். புருவம் அசையாவிட்டால் அது கேள்வியே இல்லையாம். எங்கள் வீட்டில் யாருக்கும் முகத்தில் ஒன்றும் தெரியாது. அப்பா செத்த அன்றுகூட வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடி முன்னால் புருவத்தைத் தூக்கிப் பழகினேன். பாப்பா பார்த்துவிட்டுச் சிரித்து உருண்டாள்.

ஜூன் 12, வியாழன்

பஸ்ஸில் கையை அசைத்துப் பழகிக்கொண்டு வந்தேன். பின் சீட்டில் பட்டாசு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள்.

"பாவம், வாய் பேச வராதுபோல. ஆளப் பாத்தா அப்பிடித் தெரியல."

"மெதுவாச் சொல்லுடி. கேட்டுறப் போகுது."

"கேக்காதுல்ல, அதத்தான சொல்றேன்."

திரும்பிப் பார்க்கவில்லை. சிவகாசி வரை என் சட்டை, என் செருப்பு, என்னைக் கட்டியவள் பாடு, எல்லாவற்றையும் பேசித் தீர்த்தார்கள். முதலில் சிரிப்பு வந்தது. இறங்கும்போது இல்லை. அண்ணனை வைத்துக்கொண்டு நாங்கள் பேசியதும் இப்படித்தானே.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். கரண்ட் இல்லை.

அண்ணனும் மதினியும் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டே பேச்சு. கையில் ஈரத்துணி இருந்தால் பேச்சு நிற்கும். கொடியில் போட்டதும் மறுபடி ஓடும். மதினிக்கும் காது கேட்காது. ஊர் திருப்பூர். மதுரையில் காது கேளாதோர் கூட்டத்தில் பார்த்து, இந்தத் தையில் கல்யாணம். காது கேளாதோர் பள்ளியில் பத்து வரை படித்தவர், தமிழ் நன்றாக எழுதுவார்.

கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது, அண்ணன் வாயாடி. கதை சொல்கிறான், நடித்துக் காட்டுகிறான், ஆளைக் கிண்டல் செய்கிறான். மதினி சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். அமைதியான பிள்ளை என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்குப் பிடிபட்டவை: பிரஸ், மேனேஜர், தொப்பை. மற்றதெல்லாம் ஓடிவிட்டது.

ஜூன் 20, வெள்ளி

இன்று பேசிவிட்டேன்.

சாயங்காலம் அண்ணன் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். எதிரில் போய் நின்று, "இன்றைக்கு வேலை எப்படி? களைப்பாக இருக்கிறாயா?" என்று கையால் கேட்டேன். புருவமும் தூக்கினேன்.

சட்டை பாதிக் கழன்றபடி நின்றான். என் கையையே பார்த்தான். மதினியைத் தோளில் தட்டிக் கூப்பிட்டு மறுபடி செய்யச் சொன்னான். செய்தேன். மதினி என் கட்டைவிரலைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பி வைத்தார். அண்ணன் மளமளவென்று ஏதோ சொன்னான். நீளமாக. ஒன்றும் பிடிபடவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாக. அதுவும் இல்லை. என் முகத்தைப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டு வயிற்றைத் தட்டி, வாய்க்குக் கை கொண்டுபோனான். எங்கள் வீட்டுப் பழைய சைகை. சாப்பிட்டாயா.

பச்சைப் பிள்ளையிடம் பேசுவதுபோல. சாப்பிட்டேன் என்று தலையாட்டினேன்.

ஜூன் 21, சனி

நேற்று அண்ணன் சொன்ன நீளமான வாக்கியம் என்னவென்று இன்று தெரிந்தது. செல்வியிடம் மதினி போனில் எழுதிக் காட்டியிருக்கிறார். "போகிற நேரத்தில் கற்றுக்கொண்டு வந்து நிற்கிறாயே" என்றானாம்.

எங்கே போகிறார்கள்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. செல்வி என்னையே பார்த்தாள்.

"என்ன இப்பிடிக் கேக்கீக? திருப்பூருக்குத்தான். ஆடி பொறக்க முன்ன போறாக. அக்காவோட பழைய கம்பெனியில ரெண்டு பேருக்கும் வேலை. ஒங்ககிட்டக் கேட்டுட்டுத்தான முடிவு பண்ணுனாக?"

என்னிடம் யாரும் கேட்கவில்லை என்றேன்.

"மாமா கேட்டாகளாமே. போகட்டுமா, இல்ல இங்கனயே இருக்கட்டுமான்னு. நீங்க தலையாட்டி, கட்ட வெரலத் தூக்கிக் காட்டுனீகளாம். எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும். நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்."

யோசித்துப் பார்த்தேன். மே கடைசியில் ஒரு ஞாயிறு. இந்தூர்க்காரர் போனில். அண்ணன் எதிரில் வந்து நின்று கையை அசைத்தான். கொஞ்சநேரம் அசைத்தான். வழக்கம்போல ஏதோ சொல்கிறான் என்று தலையாட்டினேன். விரலைக் காட்டினேன். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அப்போதே முதல் நிலை முடிக்கும் கட்டத்தில் இருந்தேன். 'புரியவில்லை, மறுபடி சொல்' என்பதுதான் அங்கே சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

அண்ணன் என் சம்மதத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

ஜூன் 26, வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை. ஆர்டர் நெருக்கடி என்று எழுதிப் போட்டேன். பொய். சாம்பிள் ரூமில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பல்பு இன்னும் மாட்டவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மேகம் மட்டும், மழை இல்லை.

அண்ணனை மாடிக்கு வரச் சொன்னேன். மதினியும் வந்தார். நேற்று முழுக்கத் தயார் செய்து வைத்திருந்த சொற்கள். போக வேண்டாம். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. புரியாமல் தலையாட்டினேன். தவறு.

முழுவதையும் பார்த்தான். கோபப்படவில்லை. மெதுவாக, எனக்காக ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னான். புரியாத இடத்தில் மதினி போனில் எழுதிக் காட்டினார். அங்கே சாயங்காலம் ஆனால் பேச ஆள் இருக்கிறதாம். நிறையப் பேர். இங்கே அவன் பேசினால் எல்லோரும் சிரித்துத் தலையாட்டுகிறோமாம். கல்யாண வீட்டிலும் அப்படி, கோயிலிலும் அப்படி. கைப்பிடிச் சுவரோடு பேசுவதுபோல இருக்கிறதாம்.

அன்றைக்கு நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்? கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இருந்திருப்பேன்" என்றான். தம்பி என்று என்னைக் காட்டினான்.

கீழே பாப்பா டிவி. பிறகு அவனாகவே ஒன்று கேட்டான். மூக்குத்தி இடத்தைத் தொட்டான். அம்மா. அடுத்து வந்தவற்றில் புரோட்டா மட்டும் தெரிந்தது. மதினி எழுத போனை எடுத்தார். அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

அம்மா போன அன்று அதிகாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முந்தின சாயங்காலம் அண்ணன் எண்ணெய் புரோட்டா வாங்கி வந்திருந்தான். அம்மா ஆசையாகச் சாப்பிட்டாள். மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் பேசினார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு விளக்கமாகச் சொன்னேன். இருதயம் வீங்கிப்போயிருந்தது, ஒரு வருடமாக மாத்திரை, இனி தாங்காது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். ஊரெல்லாம் சொன்னேன். அண்ணனிடம் நெஞ்சில் கை வைத்து, கையை விரித்தேன். அவ்வளவுதான்.

என்னால்தானா என்று கேட்கிறான். இத்தனை வருடம் கழித்து.

அம்மா போனதிலிருந்து அவன் புரோட்டா தொட்டதில்லை. புரோட்டாவுக்குப் பேர்போன இந்த ஊரில் இருந்துகொண்டு. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லைபோல என்று நாங்கள் அவனுக்கு இட்லி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இல்லை என்றேன். இல்லை, இல்லை. நெஞ்சு. பழைய நோய். ஒரு வருடம் முன்பே. டாக்டர் சொன்னார். எனக்குத் தெரியும். உனக்குச் சொல்லவில்லை. 'வீக்கம்' என்பதற்குச் சொல் தெரியாமல் கையைக் குவித்துப் பெரிதாக்கிக் காட்டினேன். மீதியை மதினி போனில் என்னை எழுதச் சொல்லி, படித்து, அவனுக்குச் சொன்னார்.

அண்ணன் மூன்று முறை கேட்டான். ஒரே கேள்வியை. மூன்று முறையும் இல்லை என்றேன். பிறகு எழுந்து தண்ணீர்த் தொட்டியின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். மதினி என்னைக் கீழே போகச் சொன்னார். இறங்கி வந்தேன்.

ஜூலை 7, திங்கள்

அண்ணன் காலையில் வழக்கம்போலப் பிரஸ்ஸுக்கு. வேலையிலிருந்து கணக்கு முடித்து நிற்கும் வாரம். போகும்போது என் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

இந்தூர் லோடு கிளம்பியது. இன்றைய சொற்கள்: வீக்கம், காரணம், தெரியாது, சுமை. எல்லாவற்றையும் ஒரே தடவையில் சரியாகச் செய்தேன். இப்போது சரியாகச் செய்து என்ன?

ஜூலை 13, ஞாயிறு

விடிந்ததும் கிளம்பினோம். சாமான்கள் நேற்றே வேனில் போய்விட்டன. இரண்டு பை, ஒரு மின்விசிறி மட்டும் கையில். செல்வி எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தாள். மதினி அவளைக் கட்டிக்கொண்டு விடவில்லை. பாப்பா தூக்கத்தில்.

சிவகாசியிலிருந்து வரும் திருப்பூர் பஸ். நல்லவேளை, இடம் இருந்தது. அண்ணன் ஜன்னல் பக்கம். கண்ணாடி இறுகிப்போய்த் திறக்க வரவில்லை. பக்கத்து ஜன்னல்களில் வழியனுப்ப வந்தவர்கள் கண்ணாடியைத் தட்டி, காதில் கை வைத்து, போய்ச் சேர்ந்ததும் போன் போடு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் கண்ணாடி ஒரு பொருட்டே இல்லை. போனதும் என்ன செய்வாய், வீட்டுக்காரர் எப்படி, தண்ணீர் வருமா, எல்லாம் கேட்டேன். எல்லாம் சொன்னான். மதினி எழுதிக் காட்டாமலே புரிந்தது.

டிரைவர் ஏறினார். அண்ணன் கண்ணாடியைத் தட்டினான். சின்ன வயதில் நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசுவீர்களே, என்றான். அம்மா என்னைப் பற்றி என்ன சொல்வாள்?

எனக்குத் தெரியும். ஒன்றுதான் சொல்வாள், ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். "எனக்குப் பெறகு இவன யாரு பாத்துக்கிருவா?"

எப்படிச் சொல்வது? அம்மாவுக்குப் பயம் என்றேன். பிறகு, உன்னை, யார், பார்த்துக்கொள்வார்கள். புருவத்தைத் தூக்கினேன்.

அண்ணன் சிரித்துவிட்டான். மதினியைத் தட்டி அவரிடமும் சொன்னான். அவரும் சிரித்தார். கண்டக்டர் விசில். அண்ணன் என்னைப் பார்த்துத் தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டினான்.

நான், என்று.

பஸ் பின்னால் வந்து, திரும்பி, மதுரை ரோட்டில் ஏறியது. அம்மா கேட்கும்போதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவன் நான்தான். அதையும் சொல்லக் கையைத் தூக்கியிருந்தேன்.